வால்வெள்ளியைத் திருடிய தெரு

கோமதிநாயகம் இந்தக் கதையைப் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பாமலேயே, மச்சினன் ஆவுடையப்பன் அதைச் சொல்லச் சொல்ல, இலையில் விழுந்த நெய்யைச் சோற்றோடு பிசைந்து, தலையை ஆட்டி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். மாவிலங்குறிச்சியில் பெண் எடுத்த புதிதில் மறுவீட்டு விருந்தில்தான் முதன்முதலாகக் கேட்டார். பிறகு தலைதீபாவளிக்கு, மகளின் காதுகுத்துக்கு, மாமனாரின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு என்று, பந்தி விரித்த இடத்தில் எல்லாம் அதே கதை, ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். நம்பாத மனுஷன் எதற்காகத் தலையாட்டுகிறான் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இல்லை. முதல் இலை மாப்பிள்ளைக்கு, முதல் நெய் மாப்பிள்ளைக்கு என்று இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளையின் கழுத்து ஆடத்தான் செய்யும் என்பதற்கு மேல் அவருக்குக் கௌரவமான பதில் எதுவும் கிடைக்கவில்லை.

அவர் நம்பாதது வால்வெள்ளியை அல்ல. வால்வெள்ளி வந்ததில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அந்த ஊர் ரதவீதிகளில் கம்பிகளைக் கழற்றி இறக்குவதற்கென்றே கம்பங்களில் கொக்கி வைத்திருப்பதை, தேருக்கு ஒரு உயரத்திலும் வால்வெள்ளிக்கு இன்னொரு உயரத்திலும் வைத்திருப்பதை, கண்ணால் பார்த்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு ஒருதரம், பங்குனி வெயில் ஏறத் தொடங்கும்போது, மேற்கே கரட்டு மலைக்கு மேல் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் பருத்து, ஒரு காலையில் மேலரதவீதி முனையில் தேர்ச்சக்கர உயரத்தில் மிதந்தபடி ஊருக்குள் நுழையும். வியாழன் கிரகம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, சூரியனைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வியாழனைப் பார்த்துப் போகிற அதன் நீண்ட முட்டைவடிவப் பாதையில் மாவிலங்குறிச்சி இரண்டு இடத்தில் குறுக்கே கிடந்தது. ஏன் இந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, பஸ் ஏன் இந்த ஊரில் நிற்கிறது என்று யாரும் கேட்காதது போல.

சூரியனைப் பார்த்துப் போகும்போது அதற்கு வாலும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கொல்லன் உலையில் அணைந்துபோன கரி மாதிரி கறுத்து, இரண்டு வீட்டை ஒன்றாகக் கட்டினது போன்ற பருமனில், நான்கு ரதவீதிகளையும் ஒரு பகல் பூராவும் ஊர்ந்து கடக்கும். அது போகிற வழியில் வாசல் துளசிகள் குளிரில் கருகும். அழுகின முட்டையும் குதிரை லாயமும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் ஜன்னல் வழியே புகுந்து, ஊறவைத்த அரிசியில்கூட ஏறும். ரதவீதிக்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கற்பூரம் காட்டுவார்கள். விரதமிருந்து வருகிறது, குளிக்காமல் வருகிறது, அதனால்தான் இந்த வாசம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சாம்பிராணி வாங்கி மாளாது.

சூரியனைச் சுற்றிவிட்டு ஆடியில் அது திரும்பிப் போகும்போதுதான் வால்வெள்ளியாக இருக்கும். அப்போது கிழக்கிலிருந்து வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டு வரும், தோகை மாதிரி விரிந்த வாலோடு. சூரியன் அதன் முதுகுப்பக்கம் நின்று ஊதுவதால், வால் அதற்கு முன்னால் போகும். வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் அது போகும். ஆனால் அப்போது அது ரதவீதிக்குள் வராது. ஊருக்குத் தெற்கே, ஊருணிக்கு அந்தப்பக்கம், ஊர்க்குழாய் போய்ச் சேராத, ஊர்த்தேர் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத காலனித் தெரு வழியாக, ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறிப் போய்விடும். போகிற போக்கில் உருகிச் சொட்டி, அந்தத் தெருவின் ஒரே கிணற்றை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போகும். முதல் சில நாட்கள் அந்தத் தண்ணீரில் முட்டை நாற்றம் அடிக்கும், பிறகு தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீரைக் காலனிக்காரர்கள் அடுத்த வரவு வரைக்கும் சிக்கனமாக இறைத்துக் குடித்தார்கள். அதிசயம் என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. தண்ணி வண்டி என்றார்கள்.

இதை ஊர் எப்படித் தாங்கும்? கரியும் நாற்றமும் நமக்கு, வெளிச்சமும் தண்ணீரும் அவர்களுக்கா என்று மாவிலங்குறிச்சியின் பெரிய மனிதர்களுக்குப் பல தலைமுறையாக நெஞ்சு கரித்தது. முதலில் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். நம் ரதவீதியைச் சுற்றி வந்த புண்ணியத்தில்தான் அதற்கு வெளிச்சமே வருகிறது, அவர்கள் தெருவில் அது வெளிச்சத்தைக் கழுவிவிட்டுப் போகிறது என்றார்கள். அந்த விளக்கத்தோடு ஒரு தலைமுறை நிம்மதியாகத் தூங்கிற்று. அடுத்த தலைமுறைக்கு அது போதவில்லை. ஆடியில் அது வருகிற சாயங்காலம் கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டியைத் திணித்து, பார்க்காவிட்டால் வந்ததாகாது என்று சொல்லி உட்கார்ந்திருந்தார்கள். வேட்டியின் நெசவு வழியாக வெளிச்சம் வந்து அவர்கள் மடியில் கட்டம் கட்டமாக விழுந்தது. பிறகு மேலிடத்துக்கு மனு கொடுத்தார்கள். மனுவை வாங்கின அதிகாரி, வானத்திலிருந்து வருகிற எதற்கும் வழித்தடம் மாற்ற எனக்கு அதிகாரமில்லை, பஸ்ஸாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சோதிடர் வியாழனுக்குப் பரிகாரம் செய்யச் சொன்னார். மஞ்சள் துணியும் கொண்டைக்கடலையும் மூட்டை மூட்டையாகப் போயின. வியாழன் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் ஆவுடையப்பன் கதைக்குள் வருவார். அப்போது அவர் இளவட்டம். அப்பாவின் கல்குவாரியைப் பார்த்துக்கொண்டு, திருவிழாக் கமிட்டியில் தேர்க்கட்டை போடுகிறவராகவும் இருந்தார். மாவிலங்குறிச்சித் தேரைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் சரியான கட்டையைச் செருக வேண்டும். ஒரு விரல் தள்ளிப் போட்டால் தேர் யார் வீட்டுக்குள்ளாவது புகுந்துவிடும். அந்த வேலையில் ஆவுடையப்பனை அடிக்க ஆளில்லை. அதனால் உலகத்தில் நகர்கிற எதையும் ஒரு பக்கம் கட்டை போட்டால் வேண்டிய பக்கம் திருப்பிவிடலாம் என்று அவர் நம்பினார். ஊரும் அவரை நம்பியது.

"அன்னைக்குக் கமிட்டியில நான் எந்திரிச்சு ஒத்தக் கேள்விதான் கேட்டேன் மாப்ள," என்பார், மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தபடி. "எழுவது அடித் தேரத் திருப்புறோம். இது தரையில கூட நிக்காம சும்மா மெதக்குது. இதத் திருப்ப முடியாதா?"

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திய திருமலைக்கொழுந்து சாரைக் கூப்பிட்டார்கள். அவர் படித்தவர், ரதவீதிக்காரர், ஆகவே படித்ததை ரதவீதிக்குப் பயன்படுத்தத் தயாராக இருந்தார். அது உள்ளே பூராவும் பனிக்கட்டி, மேலே கரிப் பொருக்கு, சூரியனிடம் போகும்போது பொருக்கில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஆவி பீறிடும், பீறிட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது நகரும், தீபாவளி வாணம் மாதிரி என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பங்குனியில் அது நம் வீதியில் ஊர்ந்து போகும்போது தெற்குப் பக்கம் மட்டும் ஓட்டை போட்டுவிட்டால், ஆடியில் வடக்கே ஒதுங்கி ரதவீதி வழியாகத்தான் வந்தாக வேண்டும். கமிட்டி கைதட்டியது.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் சார், சாக்பீஸைக் கீழே வைக்காமல். "அது சும்மா நேரா போறதில்ல. போகப் போகத் தன்னைத்தானே சுத்திக்கிட்டும் போகும். தெற்குப் பக்கம்னு நாம நினைக்கிறது அங்க போயித் தெற்கா இருக்குமாங்கிறது..."

"சார், நம்ம தேரு என்னைக்காவது தன்னைத்தானே சுத்தியிருக்கா?" என்றார் ஆவுடையப்பன். "வீதியத்தான் சுத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் கோமதிநாயகத்தால் ஒவ்வொரு தடவையும் பொறுக்க முடியாது. அறியாமல் பேசினவனை விட, அறிந்து வைத்துக்கொண்டு சிரித்தவன் பெரிய அயோக்கியன் என்று அவருக்குத் தோன்றும். உடனே, இலையைப் பார்த்துக் குனிந்து, நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றும் தோன்றும். அதற்குள் யாராவது அப்பளம் வைத்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குக் காலனியிலிருந்து செம்பகம் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். மண்டபத்துக்கு உள்ளே அவளை யாரும் கூப்பிடவில்லை. படிக்குக் கீழே நின்றுகொண்டே பேசினாள். கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கிறது, அதுவும் ஆடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், தலைப்பிரசவத்துக்கு மகள் பவுனு தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆடியில்தான் நாள் சொல்லியிருக்கிறது என்றாள். அவள் பேசினதை ஆவுடையப்பன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இழுத்து, அவளைப் போலவே நடித்துக் காட்டுவார். பந்தி சிரிக்கும்.

"'மொதலாளிமாரே, ஒங்களுக்கு வெளிச்சந்தான வேணும்? வெளிச்சத்த வெட்டி எடுத்துக்கிடுங்க, வாலையும் எடுத்துக்கிடுங்க, தண்ணிய மட்டும் எங்க பக்கம் ஊத்திட்டுப் போங்க'ங்கிறா! பேரம் பேசுதா மாப்ள, வால்வெள்ளிய வச்சிக்கிட்டு எங்கிட்டயே பேரம் பேசுதா!"

"நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?" என்று கோமதிநாயகம் கேட்பார். அது அவர் கேட்க வேண்டிய இடம்; கேட்காவிட்டால் கதை நகராது.

"ஏட்டி, வால்வெள்ளி ஒங்கப்பன் வீட்டுச் சொத்தான்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'எங்கப்பன் வீட்டுச் சொத்து இல்ல மொதலாளி. ஆனா வழி தெரிஞ்சு வருது'ங்கிறா. வாய்!"

அந்தப் பங்குனியில் வால்வெள்ளி வந்தது. மேலரதவீதியில் அது நுழைந்ததும் நாதஸ்வரம் வாசித்து, தேங்காய் உடைத்து, குவாரியிலிருந்து கொண்டுவந்த கம்ப்ரஸரை லாரியில் ஏற்றி அதன் கூடவே ஓட்டிக்கொண்டு, தெற்குப் பக்கம் முழுக்க ஆவுடையப்பனும் ஆட்களும் டிரில் போட்டார்கள். வீதிக்கு வீதி ஆள் மாறி, முகமெல்லாம் கரி அப்பி, பல் மட்டும் வெளுப்பாகத் தெரிய, காலையிலிருந்து பொழுது சாயும் வரை துளைத்தார்கள். துளைத்த இடத்திலிருந்து உதிர்ந்த பனிக்கட்டியை ரதவீதிப் பெண்கள் தாம்பாளத்தில் ஏந்தினார்கள். பிரசாதம் என்று வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் தளும்ப நின்றார்கள். பக்தியில் அழுகிறார்கள் என்று நாதஸ்வரக்காரர் இன்னும் உருக்கமாக வாசித்தார். வால்வெள்ளி எதிர்ப்புக் காட்டவில்லை. தெற்குப் பக்கம் சல்லடையாகிப்போன உடம்போடு, கீழரதவீதி முனையில் மெல்ல எழும்பி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, சூரியனைப் பார்த்துப் போயிற்று. போகும்போது அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனதைத் திருமலைக்கொழுந்து சார் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி வந்தது. ரதவீதியில் மாவிலைத் தோரணம், வாழைமரம், சீரியல் பல்பு, நாற்காலி, வரவேற்பு வளைவு. ஊர்ப் பெரியவர்களுக்கு முன் வரிசை, வெளியூர்ச் சம்பந்திகளுக்கு இரண்டாம் வரிசை. வீட்டுக்கு வீடு அண்டாவும் குத்துப்போணியும் விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, இருந்தாலும் வைத்திருந்தார்கள். ஊருணிக்கு அந்தப்பக்கம் காலனிக்காரர்கள் வழக்கம்போலக் கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு நின்றார்கள். செம்பகத்தின் மகளுக்கு முந்தின நாள்தான் பிள்ளை பிறந்திருந்தது. கிணற்றில் கடைசியாக ஊறின தண்ணீரை மண்ணோடு வழித்தெடுத்து, தெளியவைத்து, ஒரு பானையில் மூடி அவள் வீட்டில் வைத்திருந்தார்கள். அது பிள்ளை பெற்றவளுக்கு. மற்றவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

வால்வெள்ளி வரவில்லை. ஆடிக்காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு ரதவீதியிலும் காலனியிலும் ஒரே மாதிரி அடித்தது. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தோரணத்து மாவிலை சுருண்டது.

திருமலைக்கொழுந்து சார் மெதுவாக, "சூரியன் பக்கத்துல போனப்ப ஓட்டை போட்ட இடத்துல விரிசல் விட்டு ஒடஞ்சிருக்கலாம்," என்றார்.

"ஒடையுறதுக்கு அது என்ன அப்பளமா?" என்றார் கமிட்டித் தலைவர்.

அப்புறம் அவர்கள் யோசித்தார்கள். நாம் கட்டை போட்டிருக்கிறோம், நம் வீதிக்குத்தான் அது வந்தாக வேண்டும். வரவில்லை. ஆகவே வருகிற வழியில் யாரோ மறித்திருக்கிறார்கள். மறிக்கிற தேவை யாருக்கு இருக்கிறது? இரண்டு வீட்டுப் பருமனுள்ள, ஊரையே குருடாக்குகிற வெளிச்சமுள்ள ஒரு வஸ்துவை ஓலைக்கூரைத் தெருவில் எப்படி ஒளித்து வைப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவன் கூடக் கேட்கவில்லை. தாங்கள் உடைத்ததை ஒப்புக்கொள்வதை விட அது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

பட்டப்பகலில் போனார்கள். நெல் குதிருக்குள் கை விட்டுத் துழாவினார்கள், கூரையைப் பிரித்தார்கள், ஆட்டுப்பட்டியில் ஆடுகளைத் தூக்கிப் பார்த்தார்கள். செம்பகத்தின் வீட்டில் பவுனுவைப் பாயிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பச்சைப்பிள்ளையையும் தூக்கி, அடியில் வெளிச்சம் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். பிள்ளை வீறிட்டது. பானையை மட்டும் திறக்கவில்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப்பானையைத் தொடுவதற்கு இவர்களுக்குக் கூச்சம்.

கடைசியில் கிணறு. அடுத்தவனை நம்பி இறக்க மாட்டேன், நானே இறங்குகிறேன் என்று ஆவுடையப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். கிணறு அடிவரைக்கும் வறண்டு வெடித்துக் கிடந்தது. உள்ளே காற்று இல்லை. வெயில் உச்சியிலிருந்து நேரே இறங்கியது. அவர் நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்து, மூச்சு முட்டி, கண் இருட்டி, அங்கேயே சாய்ந்துவிட்டார். ரதவீதிக்காரர்கள் மேலே நின்று கூச்சல் போட்டார்கள். காலனி ஆட்கள் இருவர் இறங்கி, அவரைத் தோளில் போட்டு ஏற்றிக் கொண்டுவந்து பூவரச மர நிழலில் கிடத்தினார்கள்.

இனி வருவதுதான் ஆவுடையப்பன் கதையின் உச்சம். இதைச் சொல்லும்போது அவர் பந்தியில் எழுந்து நின்றுவிடுவார்.

"கண்ண முழிக்கேன் மாப்ள. ஒதட்டுல ஈரம். நாக்குல ஈரம். சட்டையத் தொட்டுப் பாக்கேன், நெஞ்சு பூரா நனஞ்சு கெடக்கு! கெணறு சொட்டுத் தண்ணி இல்லாம வறண்டு கெடக்கு, நான் மட்டும் நனஞ்சு வந்திருக்கேன். அப்பம் என்ன அர்த்தம்? வால்வெள்ளி அங்கதான் இருந்திருக்கு! என்னையத் தொட்டிருக்கு! களவாணிப்பயலுவ எனக்கு மயக்கம் வந்த நேரம் பாத்து எடம் மாத்திட்டானுவ!"

அதுதான் சாட்சி. ஈரச் சட்டையோடு ஊர் திரண்டு ஸ்டேஷனுக்குப் போயிற்று. ஆடிக்காற்றில் போய்ச் சேர்வதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. ஆவுடையப்பனின் வாய் காயவில்லை. கிணற்றில் இறங்கி அவரைத் தூக்கிவந்த இரண்டு பேரையும் முதலில் பிடித்தார்கள், கிணறு அவர்களுக்குப் பழக்கமாக இருக்கிறது என்பதனால். வழக்கு பல வருஷம் நடந்தது. குற்றம் நடந்த இடம் என்று கிணற்றுக்கு இரும்புக் கம்பி போட்டு மூடினார்கள். பிள்ளை பெற்றவளைத் தண்ணீரில்லாத தெருவில் வைத்திருக்க முடியாமல், செம்பகம் மகளையும் பேத்தியையும் அந்த வாரமே மாட்டுவண்டியில் புருஷன் ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

"பச்ச ஒடம்புக்காரிய எதுக்கு அவசரமா அனுப்பணும்?" என்று ஆவுடையப்பன் பந்தியைப் பார்த்துக் கண்ணடிப்பார். "மடியில கட்டி அனுப்பியிருக்கா மாப்ள. வால்வெள்ளிய!"

அதன் பிறகு ஆறு வருஷம் கழித்தும் அது வரவில்லை, அதற்கு அடுத்த ஆறு வருஷம் கழித்தும் வரவில்லை. மாவிலங்குறிச்சி அதற்கும் தன்னைப் பழக்கிக்கொண்டது. கீழரதவீதி முக்கில் சிமெண்டில் ஒரு வால்வெள்ளி செய்து பெயிண்ட் அடித்து நிறுத்தினார்கள். வாலை அதன் பின்னால் வைத்தார்கள். முன்னால் வைத்தால் பார்க்க மரியாதையாக இல்லையாம். ஆடியில் அதற்கு மாலை போட்டு, பறிகொடுத்த நாள் என்று மைக் வைத்துப் பேசினார்கள். திருமலைக்கொழுந்து சார் ஒவ்வொரு வருஷமும் நன்றியுரை சொன்னார். ஆவுடையப்பனின் சட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு மண்டபத்தில் வைத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு பொண்ணு மாப்பிள்ளை அதன் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். கோமதிநாயகமும் விழுந்து கும்பிட்டவர்தான். பட்டுவேட்டி அழுக்காகாமல் எப்படி விழுவது என்றுதான் அப்போது யோசித்தார்.

பின்னாளில் யோசித்தார். அந்தச் சட்டை எப்படி நனைந்தது? வியர்வை என்று சொல்லிப் பார்த்தார். வியர்வை உதட்டுக்குள் போகாது. வால்வெள்ளித் தண்ணீர் என்றால் நாற வேண்டும். மச்சினனோ அதில் அப்படி ஒரு வாசம் என்று ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், தேவலோக வாசம் என்றார். இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். என்ன கேள்வி என்றும் பாதி தெரியும். மீதிப் பாதி தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் ரசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகளின் நிச்சயதார்த்தம் திருநெல்வேலியில் அவர் வீட்டிலேயே நடந்தது. ஆவுடையப்பன் தாய்மாமன், சீர்த்தட்டோடு, தலை நரைத்து, மீசை மட்டும் கறுப்பாக வந்து இறங்கினார். பந்தியில் சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து, சாம்பார் முடிந்து ரசத்துக்கு வரும்போது கதையை ஆரம்பித்தார். தேர்க்கட்டை வந்தது, சார் வந்தார், செம்பகம் கழுத்தைச் சாய்த்துப் பேசினாள், பவுனு பாயிலிருந்து எழுந்தாள், கயிறு இறங்கியது. ஆவுடையப்பன் எழுந்து நின்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வாசம்னா வாசம், அப்பேர்ப்பட்ட தேவலோக வாசம்!"

"என்ன வாசம்ணே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. கதை தெரியாதவள், எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்கக் கூடாது என்று தெரியாதவள். "மல்லியப்பூ மாதிரியா, சந்தனமா?"

ஆவுடையப்பனை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடினார். நிஜமாகவே தேடினார். பூவரச மர நிழலில் கிடக்கிற இளவட்டத்தின் நாக்கில் பட்ட எதுவோ அவருக்குத் திரும்பக் கிடைத்தது. முகம் மலர்ந்தது.

"சீரகம்," என்றார். "ஆமா. சீரக வாசம்! வெதுவெதுன்னு இருந்திச்சு."

"சீரகமாண்ணே?" என்றாள் உலகம்மை, கோமதிநாயகத்தின் மனைவி, ஆவுடையப்பனின் தங்கச்சி, ரச வாளியோடு நின்றபடி. வேறெந்த நினைப்பும் இல்லாமல், சமையல் பேச்சாகத்தான் கேட்டாள். "பிள்ள பெத்தவளுக்குச் சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடுப்போமே, அந்தத் தண்ணி மாதிரியா?"

"அதேதான்!" என்று ஆவுடையப்பன் தொடையைத் தட்டினார். "அச்சு அசல் அதேதான் உலகு! தேவலோகத்துல சீரகம் வெளையுது பாரு!"

பந்தி சிரித்தது. சம்பந்தி சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். கோமதிநாயகத்தின் கை இலையில் நின்றுவிட்டது. பிசைந்த சோறு விரலிடுக்கில் ஆறிற்று. உலகம்மை வாளியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவள் சிரித்து முடித்து, சிரிப்பு போன பிறகும் வாயை மூடாமல் நின்றாள். மண்ணோடு வழித்துத் தெளியவைத்த ஒரு பானை. வீட்டுக்குள் புகுந்து கூரையைப் பிரித்தவன், பாயிலிருந்து அந்தப் பெண்ணை எழுப்பினவன், மரத்தடியில் வாய் பிளந்து கிடக்கிறான். யாரோ ஒருத்தி உள்ளே போகிறாள். மூடியைத் திறக்கிறாள்.

இதைக் கேட்டால் தாய்மாமன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். மகள் மேடைக்கு மாமன் மாலை இல்லாமல் வருவாள். கேட்காவிட்டால் முகூர்த்தம் முடிந்ததும் அவளும் மாப்பிள்ளையும் மாவிலங்குறிச்சிக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பட்டு கசங்க விழுந்து எழுந்து வருவார்கள். இத்தனை நாள் கேட்காதவன் இன்றைக்கு எதற்குக் கேட்கிறாய் என்று அவருக்குள்ளேயே ஒரு குரல், பழைய குரல், ஒரு கரண்டி பாயசம் வாங்கிக்கொள்ளேன் என்றது.

கோமதிநாயகம் இலையை மூடினார். எழுந்திருக்கவில்லை. தலையை ஆட்டவில்லை.

"மச்சான்," என்றார், இன்னும் நின்றுகொண்டிருந்த ஆவுடையப்பனை அண்ணாந்து பார்த்து. "நீங்க அந்தக் கெணத்துல எறங்குன அன்னைக்கு, அந்தத் தெருவுல பிள்ள பெத்துக் கெடந்தது யார் வீட்டுல?"